கஞ்சியில் கரைந்த லேஸ்

கஞ்சியில் முக்கிய துணி கைக்குள்ளேயே கரைந்து போகும் என்று சாந்தகுமாரி அதுவரை கேள்விப்பட்டதுகூட இல்லை. லேஸை விரித்துப் பிடித்து முக்கினாள். இரண்டு பக்கமும் நனையட்டும் என்று ஒரு தடவை திருப்பினாள். பிழிவதற்காகச் சேர்த்துப் பிடித்தாள். பிடித்த கையில் ஒன்றுமே இல்லை. விரல் இடுக்குகளில் மட்டும் வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. பதறிப்போய்க் கையை உதறினாள். லேஸிலிருந்த ஒரு பூவிதழ் எதிர்ச் சுவரில் போய் ஒட்டி, அங்கிருந்து மெல்ல வழிந்து இறங்கியது.

"ஏசப்பா!" என்றாள்.

வாளிக்குள் கையை விட்டுத் துழாவினாள். அடியில் தட்டுப்படும், எங்கோ சுருண்டு கிடக்கும் என்று நம்பினாள். நூல் எங்கே போகும்? கிழியலாம், மங்கலாம், எலி கடிக்கலாம். கரைந்து போகுமா? கஞ்சி மட்டும் முன்னைவிடக் கெட்டியாகி, அவள் மூக்கில் வெனிலா வாசனை அடித்தது.

இது நடந்தது மராத்தி பேசும் ஊரில், ஔந்து என்கிற பகுதியில், அவள் தம்பி ஜோபினுடைய மூன்றாம் மாடி வீட்டில், சமையலறையை ஒட்டித் துணி துவைப்பதற்கென்று இருக்கும் டிரை பால்கனியில். டிசம்பர் பிறந்துவிட்ட ஒரு காலை. இன்னும் கொஞ்ச நேரத்தில் டிவிக்காரர்கள் படம் பிடிக்க வருவதாக இருந்தது.

சாந்தகுமாரியை கிர்க்கி பக்கம் தெரியாதவர்கள் குறைவு. கிர்க்கிதான், அரசாங்கப் பலகையில் கட்கி என்று எழுதியிருந்தாலும் பழைய தமிழ்க் குடும்பங்களுக்கு அது கிர்க்கிதான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பட்டாளத்துச் சீருடை தைக்கும் கடையில் பட்டன் வைக்கிற வேலைக்குப் போனவள். அவள் வைத்த பட்டன் அறுந்து வந்ததாக யாரும் கடைப்படி ஏறியதில்லை. கோயிலில் பலிபீடத்து வெள்ளைத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்வதும் அவள்தான். ஜவ்வரிசியை ஊற வைத்து, கண்ணாடி போல் ஆகும்வரை கிளறி, மெல்லிய துணியில் வடிகட்டி, விரல் பொறுக்கும் சூட்டில் முக்குவாள். மைதாக் கஞ்சி போட்ட துணியை அவள் தொட்டுப் பார்த்தாலே முகம் சுளிப்பது தெரியும்.

ஜோபின் அவளுக்கு மிகவும் இளையவன். அவள் இடுப்பில் வளர்ந்தவன் என்றே சொல்லலாம். மாலையானால் அவள் டிவியில் சீரியல் ஓடவிட்டு, கண்ணை அதில் வைத்துக்கொண்டு, கையால் குரோஷா பின்னுவாள். அவன் நூலுருண்டையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். விளம்பரம் வந்தால் போதும், ரிமோட்டை எடுத்துச் சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றிவிடுவான். "ஏலே, அங்க அவ விஷத்தக் குடிக்கப் போறா, மாத்துல!" என்று இவள் கத்துவாள். "இரு அக்கா, இங்க முட்டைய அடிக்கப் போறாங்க" என்பான் அவன்.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் வீட்டிலிருந்த குக்கரில் மணலைக் கொட்டி, விசிலைக் கழற்றிவிட்டு, முதல் கேக்கைச் செய்தான். அடி கருகி, நடு குழிந்து வந்த அந்தக் கேக்கைத் தெருவே தின்றது. சாந்தகுமாரி கருகிய பக்கத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டு நல்ல பக்கத்தை எல்லோருக்கும் கொடுத்தாள். "எங்க ஜோபின் பண்ணது" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள்.

பிறகு அவன் படித்து, ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தான். கம்பெனி வண்டி வாக்கட் பாலத்தில் நகராமல் நிற்கும் நேரமெல்லாம் மற்றவர்கள் தூங்குவார்கள். இவன் செல்போனில் கேக் வீடியோ பார்ப்பான். சனி, ஞாயிறுகளில் அந்த வீடியோக்கள் எல்லாம் சமையலறைக்கு வரும். கம்பெனியில் யாருக்குப் பிறந்த நாள் என்றாலும் கேக் ஜோபினுடையதுதான். "உங்க தம்பி சாஃப்ட்வேரா?" என்று கிர்க்கியில் யாராவது கேட்டால், "ஆமா. கேக்கும் பண்ணுவான்" என்பாள் சாந்தகுமாரி. அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் குரல் உயரும்.

அவனைத் தேடித்தான் டிவி வந்தது. வாரம் ஒரு வீட்டுக்குப் போய், அந்த வீட்டில் சும்மா ஆசைக்காகச் சமைக்கிற ஒருவரைக் காட்டும் மராத்தி நிகழ்ச்சி அது. சாந்தகுமாரி ஒரு வாரம்கூட விட்டதில்லை. அதில் தன் தம்பி வரப்போகிறான் என்று கேட்ட அன்று அவள் கையிலிருந்த ஊசி தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

"அக்கா, காலைலயே வந்துரு. நீ கட்டாயம் இருக்கணும்" என்று ஜோபின் சொல்லியிருந்தான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது.

அவள் முதல் பஸ்ஸில் வந்தாள். வந்ததும் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். சோபா முதுகுகளில் போட்டிருந்த குரோஷா துணிகள் எல்லாம் கஞ்சி இல்லாமல் துவண்டு கிடந்தன. டிவியில் ஊர் முழுக்கப் பார்க்கப்போகிற வீடு! ஜோபின் குளிக்கப் போயிருந்தான். அவன் மனைவி ஆட்ரி உள்ளறையில் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சாந்தகுமாரி யாரிடமும் கேட்கவில்லை. கஞ்சி காய்ச்சினாள். வீட்டிலிருந்த வெள்ளைப் பின்னல்களை எல்லாம் சேகரித்தாள்.

சாப்பாட்டு மேசையில், பட்டர் பேப்பரின் மேல், ஒன்று விரிந்து கிடந்தது. பார்த்தவுடனே அடையாளம் தெரிந்தது. ஜோபின் கல்யாணத்துக்கு அவள் பின்னிக் கொடுத்த டிவி உறை. அவர்கள் வீட்டு டிவியோ சுவரில் ஒட்டிய தட்டை டிவி. அதன் தலையில் ஈரத்துண்டு போட்டது போல் கொஞ்ச நாள் தொங்கிவிட்டு, பிறகு காணாமல் போயிருந்தது. சந்தேகம் தீர மூலையைப் பார்த்தாள். ஆறு இதழ்ப் பூக்களின் நடுவே, மூலையில் ஒரு பூவுக்கு மட்டும் ஐந்து இதழ். அந்தப் பூவைப் பின்னும்போது சீரியலில் மாமியார் மருமகளை ஓங்கி அறைந்தாள். அந்த அதிர்ச்சியில் விட்டுப்போன இதழ். பிரித்துப் போட நேரமில்லாமல் அப்படியே கொடுத்திருந்தாள். உலகத்தில் அந்த ஐந்து இதழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

எடுத்தபோது துணி பிசுபிசுத்தது. நூலிலும் சோப்பிலும் உழைத்து உழைத்து அவள் விரல் நுனிகள் மரத்துப்போனவை. அந்தப் பிசுபிசுப்புக்கு அவளுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. ஆட்ரி மைதாக் கஞ்சி போட்டிருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதை வாளியில் முக்கினாள்.

இப்போது வாளியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா," ஜோபின் தலையைத் துவட்டியபடி வந்தான். "டேபிள் மேல ஒரு லேஸ் வச்சிருந்தேனே, பாத்தியா?"

"கஞ்சி போட்டேம்ல."

"என்னது?"

"பிசுபிசுன்னு கெடந்துச்சு. ஆட்ரி மைதாக் கஞ்சி போட்டிருக்கான்னு நெனச்சேன்."

ஆட்ரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வந்தாள். "நானா? அரே மதினி, என் லைஃப்ல நான் எந்தத் துணிக்கும் கஞ்சி போட்டதில்ல!"

"அதுதான் எனக்குத் தெரியுமே" என்றாள் சாந்தகுமாரி. பழக்கத்தில் வந்த பதில். குரலில் உயிர் இல்லை.

ஜோபின் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாளியின் அருகே குந்தி உட்கார்ந்தான். ஒரு விரலைக் கஞ்சியில் விட்டு நாக்கில் வைத்தான்.

"ஏலே, ச்சீ! சோபாத் துணி முக்குன கஞ்சில!"

"அது துணி இல்லக்கா. சீனி."

"எது சீனி?"

"அந்த லேஸ். கேக் மேல போடறதுக்குப் பண்ணது. சாப்பிடற லேஸ்."

சாந்தகுமாரி தம்பியைப் பார்த்தாள், ஆட்ரியைப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தன்னைக் கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தாள். "பொய் சொல்லாத. அஞ்சு இதழ் இருந்துச்சு. நான் பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

ஜோபின் எழுந்து போய் அலமாரியைத் திறந்தான். வெளிர்நீல நிறத்தில் ரப்பர் பாய் போல ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். அவள் பின்னிய உறையை மேலே அழுத்தி, அவனே வார்த்த அச்சு. கேக்குக்குப் பயன்படுத்தும் சிலிக்கானில் செய்தது. ஒவ்வொரு சங்கிலித் தையலும், ஒவ்வொரு முடிச்சும் அதில் குழிவாகப் பதிந்திருந்தது. மூலையில் ஐந்து இதழ்ப் பூ. அவள் பெருவிரலை அந்தப் பூவில் வைத்தாள்.

"லேஸ் பொடின்னு கடையில விக்குது. அதக் கொழச்சு இதுல தடவி, மெல்லிசாக் காயவிட்டு உரிச்சா, துணி மாதிரியே வரும். டிவிக்காரங்களுக்கு ஃபோட்டோ அனுப்பினேன். இந்த லேஸுக்காகத்தான் அவங்க வர்றாங்க" என்றான் ஜோபின். "கேமரா முன்னாடி உன்ன நிக்க வச்சு, இது எங்க அக்கா பின்னினதுன்னு சொல்லலாம்னு இருந்தேன். அதான் உங்கிட்ட சொல்லல."

சாந்தகுமாரி அச்சையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் வாழ்நாளில் ஒரு பட்டனைத் தொலைத்தவள் இல்லை. தம்பிக்குக் கிடைத்த ஒரே ஒரு நாளை வாளியில் முக்கிக் கரைத்துவிட்டாள்.

"மறுபடி பண்ணுல. அச்சு இருக்கே!"

"பொடி தீந்துபோச்சு. கேம்ப் ஏரியாவுல ஒரு கடையில கிடைக்கும், ஆனா அவன் பதினொரு மணிக்குத்தான் திறப்பான்."

அழைப்பு மணி அடித்தது.

நிகழ்ச்சியை நடத்தும் சுஷ்மாதான் முதலில் உள்ளே வந்தாள். டிவியில் பார்ப்பதைவிடக் குட்டையாக இருந்தாள். பின்னால் கேமராவும் விளக்குகளும் வந்தன. மராத்தியில் கலகலவென்று பேசிக்கொண்டே நேராக மேசைக்குப் போனாள். சாக்லேட் பூசிய கேக், மினுமினுவென்று, மொட்டையாக நின்றது.

"லேஸ் எங்கே?"

ஜோபினும் ஆட்ரியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாராவது பொய் சொல்வதற்குள் சாந்தகுமாரி முன்னால் வந்தாள். தன் கடைவீதி மராத்தியில், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் துவைச்சிட்டேன்."

"எதை?"

"லேஸை. கஞ்சி போட்டேன்."

சுஷ்மாவின் வாய் திறந்தபடி நின்றது. கேமராக்காரர் தோளிலிருந்த கேமராவைக் கீழே இறக்கினார். "கேக் மேல போடறதையா? துவைச்சீங்களா?" என்று அவள் திரும்பக் கேட்டாள், சரியாகத்தான் கேட்டோமா என்பது போல.

"ஆமாம். துணின்னு நினைச்சேன்."

சுஷ்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். கோபப்படவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. சாதாரணக் கேக்கை யார் பார்ப்பார்கள், கோத்ரூடில் ஒரு அம்மா வகைவகையாக மோதகம் செய்து வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருக்கிறார், இன்று அங்கே போய்விடலாம், இங்கே வேறொரு நாள் பார்க்கலாம் என்றாள். அந்த வேறொரு நாள் வராது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவள் செல்போனை எடுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போனாள்.

ஜோபின் சமையலறையில் வெறுமனே நின்றான். அடுப்பின் மேல் சாந்தகுமாரி கஞ்சி காய்ச்சிய பாத்திரம் இருந்தது. வாளியில் ஊற்றியது போக மீதி. அதன் விளிம்பில் சாய்ந்திருந்த கரண்டியில் கஞ்சி ஆடையாகக் காய்ந்திருந்தது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பது போல அவன் அதை நகத்தால் நெம்பினான். ஆடை கிழியாமல், மெல்லிய கண்ணாடித்தாள் போல உரிந்து வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"அக்கா. இதுல நீலம் போட்டியா?"

"நீலம் கடைசித் தண்ணிலதானே போடுவேன்? அந்தப் பாத்திரத்துல வெறும் ஜவ்வரிசிதான்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஏலே, ஜவ்வரிசிக் கஞ்சியக் கேக்குல போடுவியா?"

"நீ வடாம் போடுவேல்ல?"

அடுப்பு எரிந்தது. பொடித்த சீனியும், வெள்ளை வருவதற்காகக் கொஞ்சம் சோளமாவும், ஒரு சொட்டு எசென்ஸும் போட்டு ஜோபின் கிளற, கஞ்சி பசையாகி வந்தது. அச்சில் வழித்து, பட்டைக் கத்தியால் இழுத்து, குழிகளுக்கு வெளியே இருந்ததைச் சுரண்டி எடுத்தான். ஓவனை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவை லேசாகத் திறந்து வைத்தான்.

பால்கனியிலிருந்து திரும்பிய சுஷ்மா வாசற்படியில் நின்றாள். "என்ன செய்றீங்க?"

"சாபுதானா" என்று ஜவ்வரிசியின் மராத்திப் பெயரைச் சொன்னாள் சாந்தகுமாரி, வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

முதல் லேஸ் உரிக்கும்போது படபடவென்று உடைந்தது. துண்டு துண்டாக மேசையில் விழுந்தது. ஆட்ரி கண்ணை மூடிக்கொண்டாள். சுஷ்மா செல்போனைப் பார்த்தாள். கோத்ரூடிலிருந்து பதில் வந்திருந்தது. "வரச் சொல்லிட்டாங்க" என்றாள் மெதுவாக.

உடைந்த துண்டு ஒன்றை சாந்தகுமாரி எடுத்து இரு விரல்களுக்கு இடையில் வளைத்துப் பார்த்தாள். "ரொம்பக் காயவிட்டுட்ட. இது பொரிக்கிற வடாமா என்ன? தொட்டா ஒட்டக்கூடாது, வளைச்சா ஒடியக்கூடாது. அந்தப் பதத்துல எடுக்கணும்."

"அது எப்ப வரும்னு யாரு சொல்றது?"

"நான் தொட்டுப் பாக்கேன்."

"உன் விரல்தான் மரத்துப்போச்சேக்கா. அதனாலதானே இந்தக் கதி?"

"அப்ப கன்னத்துல வச்சுப் பாக்கேன், போலே!"

சுஷ்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஓவனிலிருந்து அச்சை எடுத்து, சாந்தகுமாரி தன் பெரிய உடம்பை வளைத்துக் குனிந்து கன்னத்தை அதன்மேல் வைத்துப் பார்ப்பதையும், மறுபடி உள்ளே வைக்கச் சொல்லிக் கையாட்டுவதையும் கண்டபோது சுஷ்மா கேமராக்காரரின் முழங்கையைத் தட்டினாள். கேமரா தோளுக்கு ஏறியது. அதை சாந்தகுமாரி கவனிக்கவில்லை. அவள் தம்பி கவனித்தான், வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது தடவை கன்னம் வைத்தபோது, "எடு" என்றாள்.

ஜோபின் அச்சைக் கவிழ்த்து ஓரத்தை வளைத்தான். சாந்தகுமாரி கீழே இரண்டு கைகளையும் ஏந்தினாள். ஒரு பூ உரிந்தது. அடுத்த பூ. நடுச் சக்கரம் ஒரு கணம் ஒட்டிக்கொண்டு, எல்லோருடைய மூச்சையும் நிறுத்திவிட்டு, விட்டது. மொத்த லேஸும் அவள் கைகளில் சரிந்து விழுந்தது. சீனி லேஸைப் போலப் பளிச்சென்ற வெள்ளை இல்லை. பனி படிந்த ஜன்னல் மாதிரி ஒரு மங்கல் வெள்ளை. ஒரு ஓரம் கிழிந்திருந்தது. மூலையில் ஐந்து இதழ்ப் பூ முழுதாக இருந்தது.

கேக்கின் மேல் விரித்தார்கள். அது துணியைப் போலவே மடிந்து, பக்கங்களில் தொங்கியது. கீழேயிருந்த சாக்லேட்டின் நிறம் ஓட்டைகள் வழியே தெரிந்தது. சுஷ்மா கிட்டே வந்து, தயங்கி, விரலால் தொட்டாள். "தேவா!" என்றாள். பிறகு செல்போனைக் காதில் வைத்து, கோத்ரூடு அம்மாவிடம் நாளைக்கு வருவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

ஜோபினின் தோள்கள் அப்போதுதான் இறங்கின.

விளக்குகள் போட்டார்கள். ஜோபின் தெளிவான மராத்தியில் பேசினான்: கேக்கைப் பற்றி, அச்சைப் பற்றி, சீரியலில் விழுந்த அறையால் விட்டுப்போன இதழைப் பற்றி. "இது எங்க அக்காவோட கை" என்றான். சாந்தகுமாரி பக்கத்தில் கட்டை போல் நின்றாள். கேமராவைப் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் கேமராவைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

"இப்போ வெட்டலாம்" என்றாள் சுஷ்மா.

ஜோபின் கத்தியை எடுத்தான். நுனி நடுச் சக்கரத்தின் மேல் இறங்கியது.

"ஏலே, வெட்டாதல!"

அந்தக் கத்தலில் கேமராக்காரர் ஒரு அடி பின்னால் போனார். ஆட்ரியின் கையிலிருந்த தட்டு ஆடியது. சாந்தகுமாரியே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னிய துணியில் கத்தி படுவதை அவள் எந்த வீட்டில் பார்த்திருக்கிறாள்? பிறகு ஜோபின் சிரிக்க ஆரம்பித்தான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்த சிரிப்பு, கண்ணில் நீர் வரும்வரை.

"சாப்பிடத்தானேக்கா பண்ணோம்?"

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. சுஷ்மா நிறுத்தச் சொல்லவில்லை.

சாந்தகுமாரி கத்தியை அவன் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள். குனிந்து, மூலையிலிருந்த ஐந்து இதழ்ப் பூவை மட்டும் நகத்தால் கிள்ளி எடுத்தாள். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயில் போட்டாள்.

அது நாக்கில் கரைந்தது. வாளியில் கரைந்த அதே வேகத்தில்.

"எப்படிக்கா இருக்கு?"

கண்ணைத் திறந்து, முதல் தடவையாகக் கேமராவை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"வடாத்துக்கு உப்புதான் போடல" என்றாள்.